மந்தாரை வீட்டு சிஸ்டர்

சிஸ்டரின் வீட்டில் நாங்கள் மூன்றரை வருடம் குடியிருந்தோம். அவ்வளவு நாளில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் "சரி" என்று சொன்னதில்லை. "முடியாது" என்றும் சொன்னதில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால்கூட வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்னை மூன்றரை வருடம் நிற்கவைத்தவர் அவர். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீடு இருந்த தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பாதிரியார்கூட அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி. கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டிருந்தார்.

வீடு பார்க்கப் போன அன்று முதலில் கண்ணில் பட்டது வாசலில் நின்ற மந்தாரை மரம். கேட்டைத் திறந்தால் நாலடியில் மரம். ஒற்றை அடிமரம் என் தலைக்கு மேலே போய் இரண்டாகக் கவைத்து, மாடி கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக் கிளை பரப்பியிருந்தது. மாட்டுக் குளம்பு பதிந்தது போல நடுவில் பிளந்த இலைகள். ஆனி மாதம் என்பதால் மரம் முழுக்கப் பச்சை. பார்க்க ஒன்றும் விசேஷமாக இல்லை. என் ஸ்கூட்டி உள்ளே போகவேண்டிய பாதையில் நட்ட நடுவாக நின்றது என்பதுதான் விசேஷம்.

"சிஸ்டர், இந்த மரத்த எடுக்குற மாதிரி ஏதும் இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு சுத்து வரட்டும்" என்றார்.

வண்டியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மரத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி போகுமா என்று பார்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று, ஸ்கூட்டியை எடுத்துத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, மரத்தை ஒட்டி வளைத்து உள்ளே விட்டுக் காட்டினேன். கைப்பிடியில் பட்டை உரசியது. சிஸ்டர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

அவர் சொன்னது வருடத்தை. வெயில், மழை, பனி என்று ஒரு வருடம் முழுசாகச் சுற்றி வந்தபிறகுதான் எதைப் பற்றியும் வாயைத் திறக்கவேண்டும் என்பது அவர் கட்சி. மரத்துக்கு மட்டும் அந்த விதி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போய் நின்றால், "இப்ப கோடை. மழக்காலத்துல எப்படி ஒழுவுதுன்னு பாத்துட்டு மாத்துவோம்" என்பார். மழைக்காலத்தில் போய் நின்றால், "இப்ப தண்ணி ஜாஸ்தி, எல்லாக் குழாயும் ஒழுவும்" என்பார். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறி சுண்ணாம்பு உதிர்ந்தபோது, மேலே இருந்து இறங்கி வந்து, உள்ளங்கையை வைத்து ஜுரம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார். ஒருநாள் வத்தக்குழம்பு வைத்துக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. "எப்படி சிஸ்டர் இருந்திச்சு?" என்றேன். "இன்னும் நாலு தடவ சாப்ட்டுட்டுச் சொல்றேன்" என்றார். நாலு தடவை கொடுத்தேன். சொல்லவில்லை.

என் கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மரத்தோடு ஒத்துவரவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு கொழுத்து நின்றது. கேட்டைத் திறக்கும்போதெல்லாம் என் தலையில் அரைக்குடம் தண்ணீரைக் கொட்டியது. மார்கழியில் இலை பழுக்கத் தொடங்கியது. தை முழுவதும் உதிர்ந்தது. காலையில் பெருக்கிக் குவித்துவிட்டு முகம் கழுவி வந்தால், பெருக்காதது போல வாசல் கிடக்கும். குவித்ததை அள்ளிக் குப்பைவண்டியில் போடப் போனேன். மாடியிலிருந்து குரல் வந்தது.

"அத எங்க கொண்டு போறீங்க? அது அதோட சாப்பாடு."

இறங்கி வந்து இலைக்குவியலை மரத்தடியில் வட்டமாகப் பரப்பினார். அடிமரத்தில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டார். படுக்கை விரிப்பைச் சீர்செய்வது போல ஓரங்களைத் தட்டினார். மறுநாள் காற்றில் அது முழுவதும் எங்கள் வாசற்படிக்கு வந்து சேர்ந்தது.

தை முடிவில் மரம் மொட்டையாக நின்றது. ஒரு இலை இல்லை. அது செத்துவிட்டது என்று நான் மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். வெளியே காட்டிக்கொள்ளாமல், பாவம் பார்த்து, துணி அலசிய தண்ணீரை இரண்டு வாளி கொண்டுபோய் அடியில் ஊற்றினேன். சிஸ்டர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். அவர் அவசரப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"யாரு ஊத்தச் சொன்னது? இப்ப தண்ணி காட்டினா எல விட்டுடும். பூ நிக்காது. காயப்போடணும்."

"செத்துப்போன மாதிரி இருக்குதே சிஸ்டர்."

"இங்க வாங்க." என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு சிம்பை வளைத்து என் கண்ணருகே கொண்டுவந்தார். கணுவுக்குக் கணு, கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக ஏதோ இருந்தது. "இப்பத்தான் இது எப்படி வளந்துருக்குதுன்னே தெரியும். எந்தக் கிள எங்க போவுது, எது எத உரசுது, எல்லாம். எல இருக்கிறப்ப எல்லா மரமும் அழகாத்தான் இருக்கும்."

பஸ் போய்விட்டது. அன்று அரைநாள் விடுப்பு.

மாசி பாதியில் ஒரு காலை கேட்டைத் திறக்கப் போனவள் நின்றுவிட்டேன். அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையில்லாதவள். இலையே இல்லாத கிளைகளில் அடி முதல் நுனி வரை பூ. இளஞ்சிவப்பில் ஊதா ஓடிய ஐந்து இதழ்கள், அதில் ஒரு இதழில் மட்டும் யாரோ மை தொட்டு இழுத்தது போல அடர்ந்த கோடுகள். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கல்யாணமான ஜோடி ஒன்று எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. என் கணவர் தூக்கக் கலக்கத்தில் லுங்கியோடு கதவைத் திறந்து அந்தப் படத்தில் விழுந்தார்.

சிஸ்டருக்கு அதிலும் ஒரு குறை இருந்தது. "பாருங்க, சரியா தவக்காலத்துலதான் பூக்குது. கோயில்ல பீடத்துக்குப் பூ வெக்க மாட்டாங்க இந்த நாப்பது நாளும். ஈஸ்டருக்குக் குடுக்கலாம்னு வெச்சா, அதுக்குள்ள கொட்டிடுது. எந்த வருஷமும் எனக்கு ஒத்துழைக்காது." ஒரு தட்டு நிறையப் பூவைப் பொறுக்கி என்னிடம் கொடுத்தார். "உங்க சாமிக்கு வெச்சிடுங்க. உங்களுக்குத் தவக்காலம் இல்லல்ல."

என் பிள்ளையார் அந்த மாதம் மந்தாரையில் மூழ்கிக் கிடந்தார். ஆனால் உதிர்ந்த பூவைப் பத்து மணிக்கு முன்னால் பெருக்கக் கூடாது என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். பத்து மணிக்கு நான் சிதம்பரத்தில் இருப்பேன். சாயங்காலம் திரும்பி வரும்போது வாசல் முழுக்க வதங்கி வழுவழுத்துக் கிடக்கும். ஒருமுறை வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். மாடியிலிருந்து பஞ்சும் டிஞ்சரும் வந்தன. உத்தரவு மாறவில்லை.

சித்திரை, வைகாசியில் பட்டையாக நீளக் காய்கள் தொங்கிக் காய்ந்தன. வெயில் ஏற ஏற அவை ஒவ்வொன்றாக வெடித்தன. டப் என்று முறுக்கிக்கொண்டு பிளக்கும். விதை ஜன்னல் கம்பியில் வந்து தெறிக்கும். பகல் தூக்கத்தில் என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்பார். நான் வெளியே போய் எண்ணிப் பார்த்து வந்து சொல்வேன். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த நிலைக்கு வந்திருந்தது.

முதல் வருடம் முடிந்தது. நான் மாடியேறிப் போனேன். "சிஸ்டர், ஒரு சுத்து வந்திடுச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வருஷம் மழ கம்மி. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

பேச்சோடு பேச்சாக அன்று இன்னொன்றும் சொன்னார். அந்த வாசலில் முன்பு வரிசையாக நெட்டிலிங்கம் நின்றதாம். மகன் பள்ளிக்கூடம் படிக்கும்போது வைத்தவை. ஓய்வு பெற்றவுடன் அவற்றை எடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வளாகத்தில் பொறுக்கிய விதையில் மந்தாரையை முளைக்கப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "அது வருஷம் பூரா ஒரே மாதிரி பச்சையா நிக்கும். அது மனசுல என்ன இருக்குன்னே தெரியாது" என்றார்.

மகனைப் பற்றி அவர் பேசியது அன்றுதான் முதல்முறை. மகன் எங்கே என்று கேட்டேன்.

"சிதம்பரத்துல" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, காலை ஏழு மணிக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையில் முழங்கை உயர மந்தாரைக் கன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில், சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் பெயர். "உங்க ஆபீசுக்குப் போற வழிதானே. அங்க நஸ்ரின்னு ஒரு பொண்ணு இருக்கும். குடுத்துடுங்க."

"யாரு சிஸ்டர் அது?"

"எம் புள்ள கட்டிகிட்ட பொண்ணு."

ஏழரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. மண்பை சொட்டச் சொட்ட, கன்றின் நுனி ஒவ்வொருவர் மூக்கிலும் நுழைய, புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே போனேன். "எம்மா, தோப்ப எறக்கி வெய்ம்மா" என்று கண்டக்டர் சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது.

நஸ்ரின் லேபில் வெள்ளைக் கோட்டோடு வரவேற்பில் நின்று, வரிசையில் இருந்தவர்களிடம் சீட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பதுக்குள் வயது இருக்கும். நான் விஷயத்தைச் சொல்லிக் கன்றை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இது பூக்க எத்தன வருஷம் ஆவும்?" என்று கேட்டாள்.

"மூணு நாலு வருஷம் ஆவும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"அதுவரைக்கும் வெயிட் பண்ணச் சொல்லி அனுப்பிருக்காங்களாக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். அவளுக்குச் சொந்த ஊர் லால்பேட்டை. அவர்கள் இருவரும் காதலித்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். லால்பேட்டையில் அவள் வாப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார், வாசலை மிதிக்காதே என்று. கடலூருக்குப் போனார்கள். சிஸ்டர் கதவைத் திறந்தார். இருவரையும் பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை. காப்பி கொடுத்தார். "ஒரு சுத்து வரட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். மகன் காப்பி டம்ளரை வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"எங்க வாப்பா வேணாம்னாரு. வலிச்சுது. ஆனா தெரிஞ்சுதுக்கா. இவுங்க வேணாம்னு சொல்லிருந்தா சண்ட போட்டுருப்பேன். சரின்னு சொல்லிருந்தா கால்ல விழுந்துருப்பேன். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்க வெச்சுட்டாங்க." வரிசையில் நின்ற ஒருவருக்கு ரசீதைக் கொடுத்து, "நாலு மணிக்கு வந்து ரிசல்ட் வாங்கிக்கங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாருங்க, எங்க லேப்ல எந்த ரிசல்ட்டும் சாயங்காலம் கெடச்சிடும். உங்க சிஸ்டர்கிட்டதான் ஒன்ற வருஷமா வரல."

கன்றை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தூக்கி எறியவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் மாடிப்படியில் காத்திருந்தார். "குடுத்தீங்களா? என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல சிஸ்டர். ஒரு சுத்து வரட்டும்னு நெனைக்கிறா போல" என்றேன்.

அவருக்கு நான் குத்தியது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு மேலே போனார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஏதாவது கொடுத்தனுப்புவார். ஒரு பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாய், இரண்டு தலையணை உறை. ஒரு வார்த்தை இருக்காது. நஸ்ரின் வாங்கிக்கொள்வாள். அவளும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். இடையில் நான், கூரியர் ஆள் மாதிரி, பைகளோடு நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய் வந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது கார்த்திகையில் புயல் அடித்தது. விடிந்தபோது மின்சாரம் இல்லை. என் கணவர் சிப்காட்டிலேயே மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தால் வாசல் தெரியவில்லை, இலையாக இருந்தது. மந்தாரை அதன் கவையில் பிளந்து, ஒரு பாதி கேட்டின்மேல் சாய்ந்து, வீட்டுக்கு வரும் மின்கம்பியை இழுத்துக்கொண்டு கிடந்தது. மறு பாதி நின்றது. ஆனால் பிளவு அடிமரத்தில் ஒரு முழம் இறங்கியிருந்தது. உள்மரம் கோழிச்சதை நிறத்தில் வெளியே தெரிந்தது.

பத்து மணிக்கு மின்வாரிய ஆட்கள் இரண்டு பேர் அறுவை இயந்திரத்தோடு வந்தார்கள். "மொத்தமா எடுத்துடட்டுமாம்மா? இல்ல சாஞ்சத மட்டும் எடுக்கவா? சீக்கிரம் சொல்லுங்க, இன்னும் எவ்ளோ எடம் போவணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

சிஸ்டர் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாடி பார்க்கும் நேரம்தான். "சாஞ்சத மட்டும் எடுங்க. ஒரே அறுப்பா அறுக்காதீங்க, கனத்துல கிழிஞ்சிடும். மொதல்ல அடியில கொஞ்சம் போடுங்க. அப்புறம் ரெண்டடி தள்ளி மேல இருந்து. கடைசியா இங்க, இந்த மேடு இருக்குது பாருங்க, அதுக்கு வெளிய. மேட்டத் தொடாதீங்க. நீங்க அந்தக் கயித்தப் புடிங்க." கடைசி வாக்கியம் எனக்கு, சாய்ந்த கிளையில் ஆட்கள் கட்டியிருந்த கயிற்றைக் காட்டி. "இன்னும் இறுக்கி. ஆங். அப்படியே நில்லுங்க."

அறுத்து முடித்தவுடன் பிளவை ஒட்டி அழுத்தி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் கயிறு போட்டு இறுக்கினார். முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மின்வாரிய ஆள் ஒருவர், "சிஸ்டர், எங்க பசங்களுக்கு வந்து கிளாஸ் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கயிறு அறுத்த உள்ளங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. குழாய், சுவர், வத்தக்குழம்பு, முட்டிச் சிராய்ப்பு, பஸ்ஸில் தூக்கிய பைகள் எல்லாம் ஒன்றாக மேலேறி வந்தது.

"மரத்துக்கு ஒரு நிமிஷத்துல முடிவெடுக்கத் தெரியுதுல்ல சிஸ்டர் உங்களுக்கு? அந்தப் பொண்ணுக்கு மட்டும் ரெண்டு வருஷமா?"

அவர் அறுபட்ட கிளையின்மேல் உட்கார்ந்தார். நனைந்த புடவையைக் கவனிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில எல்லாம் ஒடனேதான். யோசிக்க எடம் கிடையாது" என்றார். "என் கல்யாணத்தையும் அப்படித்தான் முடிவு பண்ணேன். ஒரு சாயங்காலம் பொண்ணு பாக்க வந்தாரு. நல்ல வெயில் நாளு. வெள்ளச் சட்ட, சிரிச்ச மொகம், சரின்னுட்டேன். மழக்காலத்துல அவரு வேற ஆளு. வேலைக்குப் போவ முடியாத நாள்ல குடிப்பாரு, குடிச்சா அடிப்பாரு. பன்னண்டு வருஷம். ஒரு வருஷம் பொறுத்துப் பாத்திருந்தா அந்த மழக்காலத்த நான் வெளிய நின்னே பாத்திருப்பேன்."

 ஆனாலும் ஆத்திரம் முழுதாக இறங்கவில்லை. "சரி சிஸ்டர். ஆனா மரம் உங்க வாசல்ல நிக்குது, தெனம் பாத்தீங்க. அவ சிதம்பரத்துல நிக்கிறா. அவளோட எந்த வெயில நீங்க பாத்தீங்க, எந்த மழைய பாத்தீங்க? ஊறுகா பாட்டில அனுப்பிட்டு எதப் பாத்துகிட்டு இருக்கீங்க?"

அவர் எழுந்து படியேறிப் போனார். வீட்டைக் காலிபண்ணச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். பிறகு, அதற்கும் அவருக்கு ஒரு வருடம் ஆகும் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட புடவையும் கையில் ஒரு துணிப்பையுமாகப் படியில் இறங்கி வந்தார். "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார்.

வழி முழுக்க வயல்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புயலுக்குப் பிறகு பஸ்ஸில் கூட்டமில்லை; ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது, "அவளுக்கு என்ன புடிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். "எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே கேளுங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

அவர்கள் வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மொட்டைமாடியில் இரண்டு அறை. நஸ்ரினுக்கு அன்று விடுமுறை; லேபில் வழி கேட்டுக்கொண்டு போனோம். கதவைத் திறந்த மகன், "அம்மா?" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அவனுக்குப் பின்னால் நஸ்ரின் ஈரக்கையோடு வந்தாள். சிஸ்டர் மகனைத் தாண்டி அவளைப் பார்த்தே பேசினார்.

"உன்ன பாக்காமயே ரெண்டு வருஷத்த ஓட்டிட்டேன். தப்பு என்னோடது. இங்க ஒரு வருஷம் தங்கட்டுமா?"

"அம்மா, இதெல்லாம் கேக்கணுமா, உள்ள வாங்க..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க. என்னத்தான் கேட்டாங்க" என்றாள் நஸ்ரின். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தங்குங்க மாமி. ஆனா பாக்க வந்தவுங்க மாதிரி தங்காதீங்க. காலைல அஞ்சரைக்கு நான் லேபுக்குக் கெளம்பிடுவேன். டிபன் உங்க வேல. எம்மேல ஏதாவது புடிக்கலன்னா அன்னிக்கே சொல்லிடணும். எனக்குப் புடிக்கலன்னாலும் அன்னிக்கே சொல்லிடுவேன். மனசுல வெச்சிகிட்டு வருஷக்கணக்கு ஓட்டக்கூடாது."

"சரி" என்றார் சிஸ்டர்.

அவ்வளவு சுலபமாக. என் குழாய்க்கு வராத சரி. எனக்குக் கண் கலங்கியதா கோபம் வந்ததா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லமுடியவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி வந்துவிட்டேன்.

துணிப்பையோடு போனவர் திரும்பி வரவேயில்லை. அதனால் மரம் என் தலையில் விழுந்தது. தினமும் ஆறு மணிக்குப் போன் வரும். கட்டு தளர்ந்திருக்கிறதா, தழைந்த கிளையில் இலை பழுத்ததா, தண்ணீர் ஊற்றிவிடவில்லையே. "போட்டோ அனுப்புங்க. வெளிச்சத்துக்கு எதிர்ல நின்னு எடுக்காதீங்க." முதல் மாசியில் பத்துப் பதினைந்து பூ பூத்தது. பூ முடிந்ததும், உரசுகிற சிம்புகளை மட்டும் வெட்டச் சொல்லி, வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டவைத்தார். "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், வெட்டுங்க." கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தைலம் தேய்த்தேன். பிளவு மெல்ல மூடியது. அடுத்த மாசியில் ஒற்றைப் பாதி மரம், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, முழு மரத்தின் பூவைப் பூத்தது.

அந்தப் பங்குனியில், ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, சிஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் மொட்டைமாடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அவர் வந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. வெயில், மழை, பனி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதற்குமேல் அவரைத் தப்பவிடுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.

"சொல்லுங்க சிஸ்டர். உங்க மருமவ எப்படி?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொல்றது இருக்கட்டும். அவதான் என்னப் பத்தி இன்னும் ஒண்ணுமே சொல்லல. புடிக்கலன்னா அன்னிக்கே சொல்லுவேன்னா. இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. அப்படின்னா புடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? உங்ககிட்ட ஏதாச்சும்..."

"மாமி, டீ ஆறுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிஸ்டர் வாக்கியத்தைப் பாதியில் விட்டார். கீரைத்தட்டை என் மடியில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, விறுவிறுவென்று உள்ளே போனார்.